மதுரையிலிருந்து சொந்தமாக நாவல் வெளியிட: ஆஃப்செட், டிஜிட்டல், கிண்டில் – எது கையைக் கடிக்கும்?

சொந்தப் பணத்தில் நாவல் போடுகிறவர் அச்சகத்தில் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு பிரதி என்ன விலை விழும்?" என்பதுதான். பதிலும் உடனே கிடைக்கும். 500 பிரதிக்கு ஒரு விலை, 1000 என்றால் அதைவிடக் குறைவு. அந்தக் குறைவை நம்பித்தான் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே பண்டல் பண்டலாகப் புத்தகம் கிடக்கிறது. அடக்க விலை அச்சகத்தின் கணக்கு. எழுதியவர் போட வேண்டிய கணக்கு வேறு: கடைக்கு விடும் கழிவு (தள்ளுபடி), தபால் போக ஒரு பிரதிக்குக் கையில் என்ன நிற்கும், எத்தனையாவது பிரதியில் போட்ட முதல் திரும்பும், அத்தனை பிரதியை விற்க ஆள் இருக்கிறதா?

இந்த ஒப்பீட்டுக்கு ஒரே நாவலை எடுத்துக்கொள்வோம். 256 பக்கம், நாவலுக்கு வழக்கமான டெம்மி 1/8 அளவு, உள்ளே கறுப்பு மட்டும், அட்டை நான்கு வண்ணம், விலை 350 ரூபாய். கீழே வரும் கட்டணங்கள் கணக்குக்காக வைத்த எண்கள். காகித விலை நிலையாக நிற்பதில்லை. உங்களுக்குக் கிடைக்கும் கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

எந்த வடிவமானாலும் அச்சுக்கு முந்தைய செலவு ஒன்று உண்டு. பக்க அமைப்புக்குப் பக்கத்துக்கு 30 ரூபாய், மெய்ப்புக்கு (பிழை திருத்த) 20 ரூபாய், அட்டை வடிவமைப்புக்கு 4,000 என்று வைத்தால் சுமார் 17,000. இதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மெய்ப்பில்தான் கை வைப்பார்கள். கை வைக்கவே கூடாத இடம் அதுதான்.

டி.டி.பி. எனும் கணினிப் பக்க அமைப்புக்குக் கொடுக்கும்போதே, "யூனிகோடில்தானே செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். பழைய பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவும் வைத்து வேலை செய்யும் இடங்கள் இன்னும் உண்டு. தாளில் அது குறையில்லாமல் தெரியும். பிறகு கிண்டிலுக்காக யூனிகோடுக்கு மாற்றும்போதுதான் வண்டவாளம் வெளிவரும். 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் இருக்கும். அச்சில் இரண்டும் ஒரே மாதிரி என்பதால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. 'ஔ' என்பது ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கும். கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் உட்காரும். 256 பக்கத்தையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டிவரும். இன்டிசைன் மென்பொருளில் செய்கிறவர் என்றால், 'வேர்ல்டு ரெடி' பத்தி அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ்க் கொம்புகள் இடம் மாறி நிற்கும். வேலை முடிந்ததும் பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூலக் கோப்பும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசி வையுங்கள்.

ஆஃப்செட்: மலிவு எங்கே, பொறி எங்கே

ஆஃப்செட் என்பது பிளேட் எனும் அச்சுத் தகடு போட்டு மொத்தமாக அடிப்பது. டெம்மி 1/8-இல் 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒன்றாக அச்சாகி மடிபடும் கட்டு. 256 பக்கம் சரியாக 16 பாரம். 23க்கு 36 அங்குலத் தாள் ஒன்றில் இரண்டு பாரம், அதாவது 32 பக்கம் அடங்கும். ஒரு பிரதிக்கு எட்டுத் தாள், 500 பிரதிக்கு 4,000 தாள், அதாவது எட்டு ரீம். ஓட்டத்தில் வீணாவதையும் சேர்த்து எட்டரை ரீம் வாங்க வேண்டும். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ காகிதத்தில் இந்த அளவு ரீம் சுமார் 18.6 கிலோ. மொத்தம் 158 கிலோ. கிலோ 90 ரூபாய் என்றால் 14,200. இந்தக் கணக்கைப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு போனால், கொட்டேஷனில் 'காகிதம்' என்று ஒற்றை வரியில் எழுதியிருப்பது சரியா தவறா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிளேட், 16 பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மொத்தம் 16. பிளேட்டும் ஓட்டுக்கூலியும் சேர்த்து ஒன்றுக்கு 850 என்றால் 13,600. அட்டை, மேட் லேமினேஷனோடு 6,000. மடிப்பு, அடுக்கு, முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் பிரதிக்குப் பத்து ரூபாய், 5,000. ஆக 38,800, பிரதிக்கு 78 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. புத்தக விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் அச்சுக்குக் கட்டியதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அது செலவோடு செலவு. கொட்டேஷன் வரியோடா, வரி இல்லாமலா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது 1000 அடித்தால்? பெரும்பாலான அச்சகங்களில் குறைந்தபட்ச ஓட்டுக்கூலி ஒரு பிளேட்டுக்கு 1000 இம்ப்ரெஷனுக்குத்தான் (தாளில் ஒரு முறை அச்சு விழுவது ஒரு இம்ப்ரெஷன்). 500 அடித்தாலும் அதே 13,600, 1000 அடித்தாலும் அதே. காகிதமும் பைண்டிங்கும் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அட்டைக்குக் கொஞ்சம் கூடும், மொத்தம் 60,700. பிரதிக்கு 61 ரூபாய். இரண்டாவது 500 பிரதிகளைத் தனியாகப் பார்த்தால் ஒன்று 44 ரூபாய்தான். "இன்னொரு இருபதாயிரம் சேர்த்துப் போடுங்க சார், இன்னொரு ஐந்நூறு வந்துரும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. அச்சகக்காரர் பொய் சொல்லவில்லை.

விற்பனையை வைத்துப் பாருங்கள். கடைக்கு 40 சதவீதக் கழிவு போனால் 350 ரூபாய்ப் புத்தகத்தில் கைக்கு வருவது 210. வாசகருக்கு நேரடியாகப் பத்து சதவீதம் தள்ளி, தபாலும் பேக்கிங்கும் 35 ரூபாய் நாமே ஏற்றால் 280. முன்செலவு 17,000-ஐயும் சேர்த்தால் 500 பிரதிக்கு மொத்த முதல் 55,800. கடை வழியே என்றால் 266ஆவது பிரதியில் முதல் திரும்பும். நேரடியாக என்றால் 200ஆவது பிரதியில். 1000 அடித்தால் முதல் 77,700. கடை வழியே 370, நேரடியாக 278. முதல் நாவல் போடுகிறவர் இந்த 266-க்கும் 370-க்கும் நடுவே உள்ள நூறு பேரை எங்கே தேடுவார் என்பதுதான் கேள்வி.

500 அடித்து 250 மட்டும் கடை வழியே விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்ற ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு 223 ரூபாய். கடை தந்தது 210. அடக்கம் 78 என்று சொல்லிக்கொண்ட அதே புத்தகம்தான். 1000 அடித்து அதே 250 விற்றால் 311.

பக்க எண்ணிக்கையில் ஒரு விஷயம். நாவல் 260 பக்கத்தில் முடிந்தால் கூடுதல் நாலு பக்கத்துக்காகத் தனியாகப் பிளேட், தனி ஓட்டம், தனி மடிப்பு. அத்தியாயத் தொடக்க இடைவெளியைக் குறைத்தோ, முன்னுரையை ஒரு பக்கம் சுருக்கியோ 256-க்குள் கொண்டுவந்துவிடுங்கள். எழுத்தின் புள்ளியைக் குறைத்து மட்டும் பக்கத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். தமிழ் வாசகர் பாதிப்பேர் கண்ணாடி போட்டவர்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் என்று பார்த்தால், வேர்டிலிருந்து நேராக எடுத்த பி.டி.எஃப்.இல் எழுத்து ஆர்.ஜி.பி. கறுப்பாக, அதாவது கணினித் திரைக்கான கறுப்பாக இருக்கும். அதை அப்படியே பிரித்தால் நாலு வண்ணத்திலும் கறுப்பு விழும். ஒற்றை வண்ண ஓட்டத்துக்கு மாற்றும்போது எழுத்து சாம்பல் பூத்துப் போகும். எழுத்து நூறு சதவீதம் 'கே' கறுப்பில், அதாவது அச்சின் நாலு வண்ணத்தில் கறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். முதுகு அகலம் அடுத்தது. 256 பக்கம் 70 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் 12 மில்லிமீட்டர். இதே நாவலை கனமான காகிதத்தில் போட்டால் அகலமும் மாறும். காகிதம் முடிவாகும் முன் அட்டையை முடித்தால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டையில் எட்டிப் பார்க்கும்.

காகிதத்தின் இழை ஓட்டம் முதுகுக்கு இணையாக இல்லாவிட்டால் புத்தகம் விரியாது, விறைத்து நிற்கும். வந்த மாதிரிப் பிரதியை நடுவில் விரித்து, முதுகைப் பின்னால் அழுத்தி, ஒரு தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பசை முதுகிலிருந்து உரிந்து தாள் தனியே வந்தால், முதுகைச் சரியாகச் சுரண்டாமல் பசை போட்டிருக்கிறார்கள். மாடித் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வைத்த பண்டல்களில் இந்தப் பசை முதலில் இளகும், பிறகு விடும். பிரதிக்குச் சில ரூபாய் கூடினாலும் செக்‌ஷன் தையல் போட்டு, அதாவது பாரம் பாரமாகத் தைத்து ஒட்டுவது 300 பக்கத்துக்கு மேல் போகும் நாவல்களுக்கு அவசியம்.

மதுரையா சிவகாசியா என்று கேட்பார்கள். சிவகாசியின் பலம் பெரிய ஓட்டத்திலும் வண்ண வேலையிலும். 500 பிரதிக் கறுப்பு நாவலுக்குக் கிடைக்கும் வித்தியாசத்தை, பிளேட் ஏறும் முன் பாரங்களைப் பார்க்கப் போய்வரும் செலவும் லாரி வாடகையும் தின்றுவிடும். மதுரையிலேயே, வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய் முதல் பாரத்தைக் கையில் வாங்கிப் பார்க்க முடிகிற அச்சகமாகப் பிடியுங்கள். பைண்டிங்கை அவர்களே செய்கிறார்களா, வெளியே கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் ஆகும். ஐப்பசியிலிருந்து காலண்டர், டைரி வேலை மும்முரம் ஆரம்பித்துவிட்டால் உங்கள் நாவல் மூலைக்குப் போய்விடும்.

டிஜிட்டல், பி.ஓ.டி. (கேட்டபின் அச்சு): விலை கூட, ஆனால் தூக்கம் வரும்

பிளேட் இல்லை, குறைந்தபட்ச ஓட்டம் இல்லை. ஐம்பது, நூறு என்று அடித்துக்கொள்ளலாம். பிரதிக்கு 150 ரூபாய் என்று வைப்போம். ஆஃப்செட்டில் 500-க்கு ஆகும் 38,800-ஐ 150-ஆல் வகுத்தால் 258 வருகிறது. உறுதியாக 258-க்குக் கீழேதான் விற்கும் என்றால் டிஜிட்டல் லாபம். அதற்கு மேல் என்றால் ஆஃப்செட். இந்த ஒரு வகுத்தலைப் போடாமல் எவரும் அச்சகத்துக்குள் நுழையக் கூடாது.

முதல் நூறு பிரதிக்கு முன்செலவோடு 32,000. நூறையும் நேரடியாக விற்றால் வருவது 28,000. நாலாயிரம் நஷ்டம்தான், ஆனால் வீட்டில் ஒரு பண்டல்கூட மிச்சமில்லை. இரண்டாவது நூறு அடித்தால் அதன் 68ஆவது பிரதியில் மொத்த முதலும் திரும்பிவிடும். நடுவில், முதல் நூறில் வாசகர்கள் காட்டிய பிழைகளைத் திருத்திக்கொள்ளவும் முடிகிறது. ஆஃப்செட்டில் அந்தப் பிழைகள் ஐந்நூறு பிரதியிலும் அப்படியே இருக்கும்.

குறை என்னவென்றால், கடைக்குக் கொடுக்கக் கட்டாது. 210-இல் 150 போனால் அறுபது ரூபாய். போக்குவரத்தும் திரும்பி வரும் அழுக்குப் பிரதிகளும் அதில் பாதியை எடுத்துவிடும். ஆகவே டிஜிட்டலில் அடித்தால் நேரடி விற்பனை மட்டுமே என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். தரத்தைப் பொறுத்தவரை, டோனர் அச்சில் எழுத்து லேசாகப் பளபளக்கும், மடிப்புக் கோட்டில் அட்டை வண்ணம் வெடிக்கும். அட்டைக்கு லேமினேஷனும், மடிப்புக் கோட்டை முன்பே அழுத்திவைக்கும் கிரீஸிங்கும் கட்டாயம் கேளுங்கள்.

சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூரின் போத்தி போன்ற பி.ஓ.டி. தளங்களில் ஆர்டர் வந்தபின் ஒவ்வொன்றாக அடித்து அனுப்புவார்கள். கையில் சரக்கே வேண்டாம். வெளியூர் வாசகருக்கு நல்ல வழி. ஆனால் அச்சுக் கூலியும் விற்பனைத் தளத்தின் பங்கும் போனபின் மிஞ்சுவதுதான் எழுத்தாளருக்கு என்பதால் புத்தக விலையை ஏற்றத்தான் வேண்டியிருக்கும். விலை நிர்ணயிக்கும் திரையில் கடைசி வரியில் உள்ள எண்ணை மட்டும் பாருங்கள்.

'எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்' என்று விற்கும் சேவைகளை இந்த வரிசையில் கடைசியில்தான் வைக்க வேண்டும். 'நூறு சதவீத ராயல்டி' என்றால் புத்தக விலையில் நூறு சதவீதம் அல்ல. அச்சு, கழிவு எல்லாம் போனபின் உள்ள மிச்சத்தில் நூறு சதவீதம். கையெழுத்துப் போடும் முன் பேக்கேஜில் எத்தனை பிரதி, கூடுதல் பிரதி எழுத்தாளருக்கு என்ன விலை, விலையை முடிவு செய்வது யார், ஐ.எஸ்.பி.என். எனும் புத்தக அடையாள எண் யார் பெயரில், மூலக் கோப்பு கிடைக்குமா என்று எழுதி வாங்குங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது, சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண்.

கிண்டில்: முதல் குறைவு, விதி அதிகம்

கிண்டில் நூல்களை எழுத்தாளரே ஏற்றும் அமேசானின் கே.டி.பி. தளத்தில் தமிழ் மின்னூல் மட்டுமே போட முடியும். அதன் அச்சுப் பதிப்பு வசதி தமிழுக்கு இல்லை. பக்க அமைப்புச் செலவு இல்லாததால் மெய்ப்புக்கும் அட்டைக்குமாகச் சுமார் 9,100 ரூபாயில் முடியும். ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் மின்னூலை அமேசானில் மட்டும் விற்கும் திட்டமான கே.டி.பி. செலக்டில் சேர்ந்தே ஆக வேண்டும். 149 ரூபாய் விலை வைத்தால், கோப்பு அளவுக்கு ஒரு எம்.பி.க்கு 7 ரூபாய் கழித்து, மீதியில் 70 சதவீதம்: சுமார் 99 ரூபாய், வரிப் பிடித்தத்துக்கு முன். ஆக 92ஆவது பிரதியில் முதல் திரும்பிவிடும். அச்சுப் புத்தகம் கடை வழியே விற்றால் அடக்கம் போக 132 நிற்கிறது என்றாலும், அதற்கு முன்பே அரை லட்சம் முடக்க வேண்டும். இங்கே அந்தச் சுமை இல்லை.

கோப்பின் அளவைக் கவனியுங்கள். வெறும் எழுத்து என்றால் ஒரு எம்.பி.க்குள் நிற்கும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் படம் வைத்து ஐந்து எம்.பி. ஆக்கினால் பிரதிக்கு 35 ரூபாய் முதலிலேயே கழியும்.

செலக்டில் சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சுக்கு இந்தத் தடை இல்லை. தமிழில் பலரும் பிரதிலிபி இணையதளத்தில் தொடராக எழுதி முடித்துவிட்டுத்தான் கிண்டிலுக்கு வருகிறார்கள். பழைய தொடர் அங்கேயே கிடக்க இங்கே செலக்டில் டிக் அடித்தால் அது விதிமீறல், கணக்கே முடங்கலாம். முதலில் அங்கிருந்து எடுத்துவிடுங்கள், மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை மட்டும் வெளியே விடலாம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர் படித்தால் பக்கக் கணக்கில் பைசா வரும். பக்கத்துக்குப் பத்துப் பைசா என்று வைத்தாலும் 350 கிண்டில் பக்கம் முழுதாகப் படித்தால் 35 ரூபாய்தான். பக்கக் கட்டணம் மாதத்துக்கு மாதம் மாறும். பணம் விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய–அமெரிக்க ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அமெரிக்க விற்பனையில் 15 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள்; விட்டுவிட்டால் 30.

ஒலிநூலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் 256 பக்கம் எட்டரை மணி நேரம். ஒரு மணி ஒலிக்கு இரண்டு, மூன்று மணி எடிட்டிங். ஒலிநூலை எழுத்தாளரே ஏற்றும் ஆடிபிளின் ஏ.சி.எக்ஸ். தளம் இந்தியாவில் இருப்பவருக்குத் திறக்கவில்லை. முதல் நாவலுக்கு இதில் இறங்க வேண்டாம். குரல் நன்றாக உள்ளவர் முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்து யூடியூபில் விளம்பரமாகப் போடலாம்.

மதுரையில் விற்பது

மேல வெளி வீதி சர்வோதய இலக்கியப் பண்ணை மாதிரியான பழைய கடைகளுக்குத் தனி வாசகர் கூட்டம் உண்டு. எந்தக் கடையானாலும் முதலில் பத்துப் பிரதிக்கு மேல் வைக்காதீர்கள். கொடுத்த தேதி, எண்ணிக்கை, கழிவு மூன்றையும் டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் சலான் இல்லாவிட்டால் கேட்கவும் முகமிருக்காது. தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஒரு நாவலுக்காகத் தனி அரங்கு எடுப்பது கட்டவே கட்டாது. அரங்கு எடுக்கும் பதிப்பகத்திடம் அலமாரியில் இடம் கேட்பதே வழி. திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்றால் கையெழுத்துப் பிரதி அதற்கு இரண்டரை மாதம் முன்பே டி.டி.பி.க்குப் போயிருக்க வேண்டும். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் நல்லதுதான். அதை எதிர்பார்த்து 1000 அடித்து வைப்பது வராத மழைக்கு நாற்று விடுவது.

தபாலுக்கு, 2025 மே மாதம் தொடங்கிய, அஞ்சல் துறையின் புத்தகச் சேவையான ஞான் போஸ்ட் மலிவு: 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100, வரி தனி. நம் 256 பக்கப் புத்தகம் அட்டையோடு 290 கிராம் சொச்சம். உறை போட்டதும் 300-ஐத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடும். கனமான பப்பிள் உறைக்குப் பதில் மெல்லிய அட்டை உறை பாருங்கள். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கான சேவை இது என்பதால் நாவலை ஏற்பார்களா என்று கவுன்ட்டரில் கேட்டுவிட்டுக் கட்டுப் போடுங்கள். பதிப்பாளர் அல்லது அச்சகப் பெயர் உள்ளே இல்லாத புத்தகத்தையும், விளம்பரம் உள்ளதையும் எடுக்க மாட்டார்கள். ஆகவே கடைசிப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் வாங்கி அச்சுச் செலவைக் கொஞ்சம் குறைக்கலாம் என்ற யோசனை இருந்தால், அதில் வரும் பணத்தையும் ஒவ்வொரு பிரதிக்கும் கூடப்போகும் தபால் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அச்சடித்ததில் நாலு பிரதியை முதலிலேயே எடுத்துத் தனியே வையுங்கள். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொன்று போக வேண்டும். அந்தத் தபால் செலவும் உங்களுடையதுதான்.